ராசிபுரம் ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு டிரஸ்ட் வந்த வழி

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனால் ஒரு சொல் கூடவே வரும். பள்ளிக்கூட வளைவின் மேல், கல்லூரிப் பேருந்தின் பின்பக்கம், கண் மருத்துவ முகாம் பேனரில், கல்யாண மண்டபத்து வாசலில் ‘டிரஸ்ட்’ என்றோ ‘அறக்கட்டளை’ என்றோ எழுதியிருப்பார்கள். இந்தச் சமவெளியில் கோழிப்பண்ணை, லாரிப் பட்டறை, ரிக் வண்டி என்று சம்பாதித்தவர்கள் ஊருக்கு ஏதாவது செய்ய நினைத்தால், ‘முதல்ல ஒரு டிரஸ்ட்டைப் போட்டுடலாம்’ என்றுதான் பேச்சு தொடங்கும்.

போடுவதும் பெரிய வேலையில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு எதிரே இருக்கும் ஆவண எழுத்தரிடம் ஒரு மாதிரிப் பத்திரம் தயாராக இருக்கும். பெயரும் முகவரியும் மாறும், மற்றதெல்லாம் பெரும்பாலும் அப்படியேதான். நிறுவனர் ஆயிரமோ பத்தாயிரமோ மூலநிதியாக ஒப்படைக்கிறார். அறங்காவலர்கள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். பிறகு நோக்கங்களின் பட்டியல்: பள்ளி, கல்லூரி நடத்துவது, நலிந்தோருக்கு மருத்துவ உதவி, முதியோர் இல்லம், ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவி. இலாப நோக்கம் இல்லை, கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது, கலைக்க நேர்ந்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு அறக்கட்டளைக்குப் போக வேண்டும் என்று கடைசிப் பக்கங்களில் வரும். முத்திரைத்தாளில் பிரின்ட் எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, சார் பதிவாளர் முன் கேமராவைப் பார்த்துப் படம் எடுத்து, விரலை ரேகைக் கருவியில் வைத்து, இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டால் எல்லாம் ஒரு முற்பகலில் முடிந்துவிடும். அந்த முற்பகல் வந்து சேர இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

டிரஸ்ட்டின் உயிர் ஒரே ஒரு யோசனையில் இருக்கிறது. சொத்து ஒருவர் கையில், பலன் இன்னொருவருக்கு. ரோமாபுரியில் இந்த யோசனை ஒரு தடையைச் சுற்றிப்போக உதவியது. ரோமக் குடியுரிமை இல்லாதவருக்கு உயில் மூலம் சொத்து எழுதிவைக்க முடியாது. ஆகவே ஒருவர் தன் சொத்தைக் குடியுரிமை உள்ள நண்பர் பெயருக்கு எழுதிவிட்டு, இன்னாரிடம் சேர்த்துவிடு என்று கேட்டுக்கொள்வார். நண்பர் நாணயமானவராக இருந்தால் சேர்ப்பார். இல்லாவிட்டால் விழுங்கிவிடுவார், கேட்க நாதியில்லை. அப்படி விழுங்கிய சில வழக்குகளின் அநியாயம் பொறுக்காமல்தான் பேரரசர் அகஸ்டஸ், இந்த வேண்டுகோள்களைக் கட்டாயமாக நிறைவேற்றும்படி தன் கான்சல்களுக்கு உத்தரவிட்டார். பின்னால் இதற்கென்றே தனி நீதி அதிகாரி வந்தார். டிரஸ்ட்டின் முதல் பிரச்சினை அன்றைக்கே தெரிந்துவிட்டது: கையில் வைத்திருப்பவரை யார் கவனிப்பது?

ஏழாம் நூற்றாண்டு அரேபியாவில் வேறொரு வழி பிறந்தது. பிற்காலத்தில் கலீஃபாவான உமர், கைபரில் தனக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்யலாம் என்று நபிகளிடம் கேட்டார். நிலத்தை நிறுத்திவைத்து அதன் விளைச்சலைத் தருமம் செய் என்பது பதிலின் சாரம். அந்த நிலத்தை விற்கக் கூடாது, தானமாகக் கொடுக்கக் கூடாது, அது வாரிசுக்கும் போகாது. நிர்வாகம் பார்ப்பவர் நியாயமான அளவு அதில் உண்ணலாம். வக்ஃப் என்று நாம் அறிந்த ஏற்பாட்டுக்கு இதுவே ஆதாரமாகச் சொல்லப்படுகிறது. கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் மருத்துவமனைகளும் கல்விச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் நூற்றாண்டுக் கணக்கில் இதன் வருமானத்தில் நடந்தன.

நம் பக்கத்தில் அதே காலகட்டத்தில் கல்லில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். சோழர் கல்வெட்டுகளில் ஒரு நுந்தா விளக்கு எரிய 96 ஆடு கொடுப்பது பரவலான வழக்கம். ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு கிழடாகும், சாகும். அதற்காகக் கணக்கு குறையக் கூடாது, குட்டிகளை வைத்து எண்ணிக்கையை நிலையாக வைத்திருக்க வேண்டும். அதனால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். மூலநிதி அழியாமல் பலனை மட்டும் செலவிடுவது என்று இன்றைய ஆடிட்டர் சொல்வதை அவர்கள் ஆட்டுப்பட்டியில் செய்து காட்டிவிட்டார்கள். கொங்கு நாட்டில் ஆட்டைவிடக் காசு அதிகம் புழங்கியது. இவ்வளவு பழஞ்சலாகை அச்சு வாங்கிக்கொண்டோம், சந்தி விளக்கு எரிப்போம் என்று கோயிலில் காணியுடைய சிவப்பிராமணர்கள் பெயர் சொல்லி ஒப்புக்கொண்ட கல்வெட்டுகள் இந்த வட்டாரத்தில் நிறைய.

விளக்கோடு நிற்கவில்லை. காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடல் கோயில் சுவரில் வீரராசேந்திரன் காலத்து, அதாவது பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை, அதற்கு மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து கொணர்பவர், பணிப்பெண்கள், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல், ஆண்டுதோறும் எந்தெந்த மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்பது வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். இந்தக் கல்வெட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. காரணம் தருமத்தின் அளவு அல்ல, அது எழுதப்பட்ட இடம். கோயிலுக்கு வருகிற எவரும் நின்று படிக்கலாம். மருந்து குறைந்தால் சுவரைக் காட்டிக் கேட்கலாம்.

இனி இங்கிலாந்து. அங்கே டிரஸ்ட் எப்படி முளைத்தது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. இரண்டு தடயங்கள் மட்டும் சுவையானவை. 1219-இல் அசிசியின் புனித பிரான்சிஸ், சிலுவைப்போர் நடுவே எகிப்துக்குப் போய் சுல்தான் அல்-காமிலைச் சந்தித்தார். 1224-இல் அவருடைய துறவிகள் இங்கிலாந்து வந்தார்கள். சொத்தே வைத்துக்கொள்வதில்லை என்ற விரதம் பூண்டவர்களுக்கு வீடு கொடுப்பது எப்படி? ஆக்ஸ்ஃபோர்டு போன்ற ஊர்களில் நிலம் நகர மன்றத்தின் பெயரில் இருந்தது, துறவிகள் அதில் குடியிருந்தார்கள். பெயர் ஒருவருடையது, பயன் இன்னொருவருடையது. 1264-இல் அதே ஆக்ஸ்ஃபோர்டில் மெர்ட்டன் கல்லூரி தொடங்கியபோது வால்டர் டி மெர்ட்டன் எழுதிவைத்த விதிகள் வக்ஃப் பத்திரங்களை அப்படியே நினைவூட்டுகின்றன என்று மோனிகா கௌடியோசி 1988-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். சிலுவைப்போருக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவந்த யோசனை என்பது அவர் தரப்பு. மறுப்பவர்கள், பழைய ஜெர்மானிய வழக்கத்திலேயே வேர் இருக்கிறது என்கிறார்கள். நேரடி ஆதாரம் கிடைக்காத வரை வழக்கு முடியாது. ஆனாலும் வணிகமும் போரும் இவ்வளவு கலந்த மத்தியதரைக் கடலில் ஒரு நல்ல யோசனை மட்டும் கரையிலேயே நின்றிருக்கும் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நிலக்கிழார்களும் இதே வழியைக் கையாண்டார்கள். அவர்கள் நோக்கம் அவ்வளவு புனிதமல்ல. அந்நாளில் நிலம் வைத்திருப்பவர் சிறு பிள்ளையை விட்டு இறந்தால், பிள்ளைக்கு வயது வரும்வரை நிலத்தின் வருமானம் மேலாளும் பிரபுவுக்குப் போகும். பிள்ளையின் கல்யாணத்தில்கூட அவர் காசு பார்ப்பார். ஆகவே உயிரோடு இருக்கும்போதே நிலத்தை நண்பர்கள் சிலர் பெயரில் கூட்டாக எழுதிவைத்தார்கள். எல்லா நண்பர்களும் ஒரே நேரத்தில் சாவதில்லை, எனவே நிலம் வாரிசுரிமைக்கே வராது. நண்பர்கள் ஏமாற்றினால்? மன்னரின் வழக்கமான நீதிமன்றங்கள் பத்திரத்தில் யார் பெயர் என்று மட்டும் பார்த்தன. பாதிக்கப்பட்டவர்கள் மன்னரின் உயர் அதிகாரியான சான்ஸலரிடம் ஓடினார்கள். அவர் பெரும்பாலும் ஒரு பிஷப். சட்டப்படி நிலம் உன்னுடையதாக இருக்கலாம், உன் மனசாட்சிப்படி அது யாருடையது என்று கேட்டு, கொடுக்கும்வரை சிறையில் வைத்தார்.

வருமானம் போகிறதே என்று எட்டாம் ஹென்றி கொதித்து 1536-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். பலன் யாருக்கோ அவரே உரிமையாளர் என்று அந்தச் சட்டம் சொன்னது. அதே ஆண்டு வட இங்கிலாந்தில் மூண்ட கிளர்ச்சியின் கோரிக்கைகளில் இந்தச் சட்டத்தை நீக்கு என்பதும் ஒன்று. 1540-இல் ஹென்றி இறங்கிவந்து, நிலத்தின் பெரும்பகுதியை உயிலில் எழுத அனுமதித்தார். வக்கீல்கள் 1536 சட்டத்தில் ஓட்டையையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவரின் பயனுக்கு, அவர் இன்னொருவரின் பயனுக்கு என்று இரண்டு அடுக்காக எழுதினால் சட்டம் முதல் அடுக்கோடு நின்றுவிடும். இரண்டாவது அடுக்கைப் பதினேழாம் நூற்றாண்டில் சான்ஸலரின் சான்ஸரி நீதிமன்றம் காப்பாற்றியது. அதுதான் இன்று நாம் சொல்லும் டிரஸ்ட்.

இடையில் 1601-இல் எலிசபெத் ராணியின் அறச் சட்டம் வந்தது. எவையெல்லாம் தருமம் என்று அதன் முகப்பில் ஒரு பட்டியல்: முதியோர், ஏழைகள், ஊனமுற்ற படைவீரர்கள், பள்ளிகள், பாலங்கள், கடற்கரைத் தடுப்புகள், ஏழைப் பெண்களின் திருமணம். 1891-இல் பெம்செல் வழக்கில் மக்நாட்டன் பிரபு இந்த மரபை வறுமை, கல்வி, மதம், பொதுநலம் என்று நான்கு தலைப்பில் அடக்கினார். இந்திய வருமான வரிச் சட்டத்தின் அறநோக்கம் என்ற வரையறையில் அந்தச் சாயல் இன்றும் இருக்கிறது. ராசிபுரத்து ஆவண எழுத்தரின் கம்ப்யூட்டரில் இருக்கும் ஏழைப் பெண்கள் திருமண உதவி என்ற வரி எலிசபெத் ராணியின் பட்டியலிலும் இருந்தது என்று சொன்னால் அவரே வியப்பார்.

இந்தச் சட்டக்கலை கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. இங்கே அதற்குக் கிடைத்த முதல் பெரிய சோதனை பச்சையப்ப முதலியார். வெள்ளையரின் வணிகத் தரகரான துபாஷாகப் பெரும் பொருள் ஈட்டிய அவர் 1794-இல் காலமானார். கோயில் திருப்பணிகளுக்கும் அன்னதானத்துக்கும் லட்சக்கணக்கில் எழுதிவைத்திருந்தார். பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் ஆண்டுகள் ஓடின. சென்னை சுப்ரீம் கோர்ட் தலையிட்டது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் விடாமல் முயன்றார். திரட்டியதில் கோயில் பணிகளுக்குப் போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்பலாம் என்று முடிவாகி, 1842-இல், பின்னால் கல்லூரியாக வளர்ந்த பச்சையப்பன் பள்ளி திறந்தது. கொடுத்தவரின் நோக்கத்துக்கு இயன்ற அளவு நெருக்கமாக மிச்சத்தைப் பயன்படுத்து என்பது சான்ஸரி மன்றத்தின் பழைய கொள்கை. அது இல்லாவிட்டால் சென்னையில் எத்தனையோ தலைமுறை பட்டம் வாங்கிய அந்தக் கல்லூரி இல்லை.

இனி நம் வட்டாரம். சேலம் சீமை 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. கேப்டன் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்தார்கள். 1817-இல் சென்னை அரசின் ஏழாவது ரெகுலேஷன் கோயில், மசூதி, சத்திரம், பாலம் ஆகியவற்றின் தரும நிலங்களை வருவாய் வாரியத்தின் கண்காணிப்பில் வைத்தது. கிறிஸ்தவ அரசு விக்கிரக ஆராதனைக்குக் காவல் நிற்பதா என்று மிஷனரிகள் போராடவே, 1863-இல் ஒரு சட்டம் போட்டுக் கம்பெனிக்குப் பின் வந்த அரசு மத நிறுவனங்களிலிருந்து கையை உதறியது. பிற்பாடு 1920-களில் நீதிக்கட்சி ஆட்சி கொண்டுவந்த இந்து அறநிலையச் சட்டம்தான் அந்த வெற்றிடத்தை நிரப்பத் தொடங்கியது.

1882 ஒரு விசித்திரமான ஆண்டு. கல்கத்தாவில் இந்திய டிரஸ்ட் சட்டம் நிறைவேறி அந்த மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் ராக்ஃபெல்லரின் வக்கீல் சாமுவேல் டாட் டிரஸ்ட்டை வேறு வேலைக்கு வளைத்தார். பல எண்ணெய்க் கம்பெனிகளின் பங்குகளை ஒன்பது அறங்காவலர் கையில் ஒப்படைத்து, போட்டியே இல்லாத ஸ்டாண்டர்ட் ஆயில் டிரஸ்ட்டை உருவாக்கினார். சர்க்கரை வியாபாரிகளும் சாராய வியாபாரிகளும் அதைக் காப்பியடித்தார்கள். 1890-இல் அவற்றை உடைக்க வந்த சட்ட வகைக்கு அமெரிக்கர் டிரஸ்ட் எதிர்ப்புச் சட்டம் என்றே பெயர் வைத்தார்கள். விதவைகளின் ரொட்டிக்கும் துறவிகளின் கூரைக்கும் உதவிய ஒன்று, அங்கே ஏகபோகத்துக்கு மறுபெயர் ஆகிவிட்டது.

நம் 1882 சட்டத்தின் முதல் பிரிவிலேயே ஒரு வரி இருக்கிறது. மத, அறக்கொடைகளுக்கும் வக்ஃபுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அந்த வரி. அதாவது பள்ளிக்கூடம் நடத்தும் பொது அறக்கட்டளை, இந்திய டிரஸ்ட் சட்டத்தின் கீழ் வருவதே இல்லை. பல பத்திரங்களில் ‘1882 சட்டப்படி பதிவு செய்யப்படுகிறது’ என்று எழுதியிருப்பது பழக்கதோஷம். வக்ஃபின் கதை இன்னும் வேடிக்கை. 1894-இல் பிரிவி கவுன்சில், குடும்பத்தாருக்குப் பலன் போகும் வக்ஃப் செல்லாது என்று ஆங்கிலக் கண்ணாடி வழியாகப் பார்த்துத் தீர்ப்பளித்தது. கௌடியோசி சொல்வது சரியென்றால், பிள்ளை வீட்டுச் சட்டம் தாய்வீட்டு வழக்கத்தைத் தள்ளுபடி செய்திருக்கிறது. 1913-இல் அதை மாற்றிய சட்டத்தை இம்பீரியல் கவுன்சிலில் கொண்டுசென்று நிறைவேற்றியவர் முகமது அலி ஜின்னா.

தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்த காந்தியின் வாழ்க்கையையும் டிரஸ்ட் என்ற சொல் திருப்பிவிட்டது. லண்டனில் பரீட்சைக்குப் படித்த ஸ்நெல்லின் ஈக்விட்டி நூலும், பின்னர் கருத்தூன்றிப் படித்த கீதையும் சேர்ந்து, பற்றற்று இருப்பது என்றால் அறங்காவலர்போல் இருப்பது என்று தனக்குப் புரியவைத்ததாகத் தன் சுயசரிதையில் சொல்கிறார். கோடி சொத்து கையில் இருக்கலாம், ஒரு காசும் தனதில்லை என்று நினைப்பவரே அறங்காவலர். 1912-இல் ஃபீனிக்ஸ் குடியிருப்பையே டிரஸ்ட்டாக்கிப் பத்திரம் எழுதினார். செல்வந்தர்கள் தங்கள் செல்வத்துக்கு அறங்காவலர்களே என்ற அவருடைய தர்மகர்த்தா கொள்கை இங்கிருந்து வளர்ந்தது.

அந்த விதை இந்தச் சமவெளியில் விழுந்த இடம் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையம். சேலத்தில் பெரிய வக்கீலாகவும் நகரமன்றத் தலைவராகவும் இருந்த ராஜாஜி, அந்த ஊர் ஜமீன்தார் இரத்தினசபாபதி கவுண்டர் கொடுத்த நிலத்தில் 1925 பிப்ரவரியில் காந்தி ஆசிரமம் அமைத்தார். திறந்துவைத்தவர் அப்போது காங்கிரஸில் இருந்த ஈ.வெ. ராமசாமி. வறட்சியில் வாடிய சுற்றுக் கிராமங்களில் பஞ்சு கொடுத்து நூல் வாங்கினார்கள், மருந்து கொடுத்தார்கள், மதுவிலக்குப் பிரசாரத்துக்கு ‘விமோசனம்’ இதழ் நடத்தினார்கள். அதற்குத் துணையாக வந்து குடியேறியவர்தான் எழுத்தாளர் கல்கி. ஒரு கொடையாளி நிலத்தை விட்டுக்கொடுக்க, அதில் உழைத்தவர்கள் தங்களுக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத அந்த ஏற்பாட்டைவிட டிரஸ்ட் என்பதற்கு நல்ல விளக்கம் இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பெரிய அலை 1984-க்குப் பிறகு. எம்.ஜி.ஆர். அரசு தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. தனியாள் பெயரில் கல்லூரி கிடைக்காது, டிரஸ்ட்டோ சொசைட்டியோ வேண்டும். லாரியிலும் ரிக்கிலும் கோழியிலும் சேர்ந்த பணம் நிலமாகவும் கட்டடமாகவும் டிரஸ்ட்டுக்குள் போனது. விடுதியோடு கூடிய நாமக்கல், ராசிபுரம் பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் 1997 ஜனவரி 1 அன்று பிரிந்தபோது இந்த ஊர்ப் பெயரே பிளஸ் டூ மதிப்பெண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு, கல்வி நிறுவனம் வளர்ச்சிக்காக நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபம் கூடாது என்றது. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்பதைக் கணக்குப் புத்தகம்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் புத்தகத்தை யார் பார்க்கலாம்? மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் 1950-ஆம் ஆண்டு பம்பாய் பொது டிரஸ்ட் சட்டத்தின் வழியில் சாரிட்டி கமிஷனர் இருக்கிறார். தமிழ்நாட்டில் மதச்சார்பற்ற பொது அறக்கட்டளைகளுக்கு அப்படிப் பொதுவான ஒரு சட்டம் இல்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம்தான் கதவு. நிலம், கட்டடத்தைக் குறிப்பிட்டு எழுதிய பத்திரம் சார் பதிவாளரின் 1-ஆம் புத்தகத்தில் ஏறும், கட்டணம் கட்டி எவரும் பார்க்கலாம். மூலநிதியாக ரொக்கத்தை மட்டும் காட்டும் பெரும்பாலான டிரஸ்ட் பத்திரங்கள் 4-ஆம் புத்தகத்தில் ஏறுகின்றன. அதன் நகல், பத்திரத்தை எழுதிக்கொடுத்தவருக்கும் அதன் கீழ் உரிமை கோருபவருக்கும் அவர்களின் பிரதிநிதிக்கும் மட்டுமே கிடைக்கும் என்கிறது 57-ஆம் பிரிவு. பொதுமக்களுக்காக என்று பெயர் வைத்த ஒரு பத்திரத்தைப் பொதுமக்களில் ஒருவர் போய்ப் பார்க்க முடியாது. திருமுக்கூடல் சுவரை அறிந்தவனுக்கு இது உறுத்தவே செய்யும். புதிதாகப் பதிவு செய்பவர்கள் பத்திரத்தையும் ஆண்டுக் கணக்கையும் தங்கள் இணையதளத்திலோ அலுவலக வாசலிலோ தாங்களாகவே வைத்துவிட எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அப்படிச் செய்பவர்களை நான் மனமார மதிக்கிறேன்.

செய்யாதவர்களிடம் கேட்பதற்கு இரண்டு பழைய கருவிகள் உண்டு. 1908 சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவுப்படி, அந்த அறத்தில் அக்கறையுள்ள இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ நீதிமன்ற அனுமதியோடு வழக்குப் போட்டு அறங்காவலரை நீக்கவும் கணக்குக் கேட்கவும் முடியும். இது 1812-இல் சர் சாமுவேல் ரோமிலி இங்கிலாந்தில் கொண்டுவந்த சட்டத்தின் வழித்தோன்றல். மற்றது பலருக்கும் தெரியாத 1920-ஆம் ஆண்டு அற, மத டிரஸ்ட்டுகள் சட்டம். இதற்கு இருவர்கூட வேண்டாம். அந்தப் பொது அறத்தில் உண்மையான தொடர்புள்ள ஒரே ஒருவர் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, டிரஸ்ட்டின் நோக்கம் என்ன, சொத்து என்ன, எப்படிச் செலவாகிறது என்ற விவரத்தையும், மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுக் கணக்கின் தணிக்கையையும் கேட்கலாம். நூறு ஆண்டு பழைய அந்தச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. நாமக்கல்லிலும் சேலத்திலும் மாவட்ட நீதிமன்றங்கள் இருக்கின்றன.